செருப்புக் காணிக்கை

அமெரிக்கச் சித்திரக்கதையில் நாயகனின் பூர்வகதை அவ்வப்போது திருத்தப்படுகிறது. 1985-86ல் டி.சி. நிறுவனம் தன் நாயகர்களை ஒரே கதையில் கூட்டிப் பல உலகங்களை ஒன்றாக்கியது. 1986ல் ஜான் பைர்ன் சூப்பர்மேனின் பிறப்பைப் புதிதாக எழுதினார். முரண்களைக் களைவது நோக்கம்.

நம் வில்லுப்பாட்டில் நோக்கம் வேறு என்று நினைக்கிறேன். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை 1971ல் பதிப்பித்தது முத்துப்பட்டன் கதை. பிராமணனான பட்டன், அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். பிந்திய பாடங்களில் அவர்கள் பிராமணருக்குப் பிறந்து காட்டில் கிடந்த குழந்தைகள். மணம் இருக்கிறது, மீறல் இல்லை.

காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் வெவ்வேறு கதைகளின் தெய்வங்கள் கூடி நிற்கின்றன. அங்கே பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு இன்றும் காணிக்கை தோல் செருப்பு. மணத்துக்காக அவன் ஏற்ற தொழில் அது. பாட்டைத் திருத்தியவர்கள் செருப்பைத் திருத்தவில்லை.