கார்ட்டூன் வாப்பாவின் 13 டொலர்

 

பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை திறந்ததும் ஆசிரியர்கள் நாங்கள் வழமையாகக் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு ஒன்று உண்டு: ‘நான் கொண்டாடிய பெருநாள்’. ஒரு வருடம் ஒரு பிள்ளை தலைப்பை அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டு, கொப்பியை மூடி வைத்திருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். “இந்த முறை உடுப்பு எடுக்கல்ல சேர்” என்றது. அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு இன்று ஒரு கார்ட்டூனின் வரலாற்றைச் சொல்கிறோம். கார்ட்டூனில் என்ன வரலாறு என்று கேட்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி ஆரம்பமானது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்ற பெரிய கலைஞர் இருந்தார். 1956இல் வந்த ‘ரேகாவ’ படத்தின் படத்தொகுப்பாளர் அவர்தான். வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு அவர் சிங்களத்தில் குரல் கொடுக்க வைத்தார். ‘தொஸ்தர ஹொந்த ஹித’, ‘பிஸ்ஸு பூஸா’ எல்லாம் அப்படி வந்தவைதான். வீட்டில் தமிழ் பேசிய நாங்கள் சிங்களத்தில் சிரித்து வளர்ந்தோம். கார்ட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்றே அப்போது நினைத்தோம்.

ஆனால் அமெரிக்காவில் 1960இலேயே பெரியவர்களும் பார்க்கும் இரவு நேரத்தில் ஒரு கார்ட்டூன் குடும்பம் வந்துவிட்டது. அதுதான் ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’. கற்காலத்தில் வாழும் ஒரு குடும்பம். 1964 டிசம்பர் 25ஆம் திகதி அதில் நத்தார் பாகம் ஒன்று காட்டினார்கள். கற்காலத்தில் ஏது நத்தார்? அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கதை இதுதான்: பண்டிகைச் செலவுக்குத் தகப்பன் பிரெட்டிடம் காசு போதாது. ஒரு பெரிய கடையில் மேலதிக வேலைக்குப் போகிறார். கடைசியில் நத்தார் தாத்தா வேடம் போட்டு ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பரிசு கொடுக்கிறார்.

25 வருடம் கழித்து, 1989 டிசம்பர் 17இல், ‘சிம்ப்சன்ஸ்’ தொடரின் முதற் பாகம் ஒளிபரப்பானது. முதலில் காட்ட நினைத்திருந்தது வேறொரு பாகம். அதன் சித்திர வேலை சரியாக அமையாததால் இந்த நத்தார் பாகம் முந்திக்கொண்டது. இன்றுவரை ஓடும் அந்தத் தொடரின் முதல் கதை, கையில் காசில்லாத ஒரு வாப்பாவின் கதையாக அமைந்தது அப்படித்தான்.

மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், மகன் குத்திக்கொண்ட பச்சையை அழிக்கும் வைத்தியச் செலவில் போய்விடுகிறது. போனஸ் வருமே என்று பார்த்தால், இந்த வருடம் கிடையாது என்று முதலாளி சொல்லிவிடுகிறார். தகப்பன் ஹோமருக்கு அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. இரகசியமாக ஒரு கடைத்தொகுதியில் நத்தார் தாத்தா வேடம் போடுகிறார். தாடியை இழுத்துப் பார்க்கும் மகன், உள்ளே இருப்பது தன் தகப்பன் என்று கண்டுகொள்கிறான். வேலை முடிந்து சம்பளத்தை வாங்கினால், உடுப்புக் காசு, தாடி வாடகை என்று கழித்து மிச்சம் 13 டொலர். அதையும் நாய்ப் பந்தயத்தில் கட்டுகிறார். நாய் கடைசியாக வருகிறது, 13 டொலரும் போய்விடுகிறது. சூது நமக்கு ஹராம், கதையும் அதற்குப் பலன் எதுவும் கொடுக்கவில்லை.

தோற்ற நாயை அதன் சொந்தக்காரர் துரத்திவிடுகிறார். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஹோமர், உண்மையைச் சொல்லத் தலைகுனிந்து நிற்கிறார். வீட்டாரோ நாயைத்தான் பரிசாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

இரண்டு கதைகளிலும் பண்டிகையைக் கொண்டாடக் காசில்லாத தகப்பன், இரண்டிலும் அதே வேடம். இதன் வேர் இன்னும் பழையது. 1843 டிசம்பரில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ என்ற கதைப் புத்தகத்தை வெளியிட்டார். கஞ்ச முதலாளி, குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எழுதுவினைஞர், அவருடைய நோயாளிப் பிள்ளை. டிக்கன்ஸுக்கு அது கேட்டறிந்த கதை இல்லை. 1824இல், அவருக்கு 12 வயதாக இருந்தபோது, கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் அவருடைய தகப்பன் சிறைக்குப் போனார். சிறுவன் சப்பாத்து மை போத்தல்களுக்குத் தாள் ஒட்டும் வேலைக்குப் போனான்.

இதை நாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கத் தேவையில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு, ஏப்ரல் 17 ஈஸ்டர், மே 3 நோன்புப் பெருநாள், மே 15 வெசாக். ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் நான்கு சமூகத்தாருக்கும் பண்டிகை வந்தது. அந்த ஏப்ரல்தான் நாடே கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த மாதம். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. தமிழ் அப்பா, சிங்களத் தாத்தா, கத்தோலிக்க அப்பச்சி, நம் வாப்பா என்று எல்லோருக்கும் ஒரே கவலை: பிள்ளைக்கு என்ன சொல்வது?

முன்னேஸ்வரம் கோயில் திருவிழாக் காலத்தில் விளையாட்டுச் சாமான் கடைகளுக்கு முன்னால் நின்று பாருங்கள். எல்லா இனத்துத் தகப்பன்மாரும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்கு அவசரமாக நடப்பார்கள். அந்த அவசரத்தின் காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அரச உத்தியோகத்தில் இருக்கும் எங்களுக்குப் பண்டிகை முற்பணம் கிடைக்கும். பிறகு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். கடலுக்குப் போகிறவருக்கும், தேங்காய் உரிக்கிறவருக்கும், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவருக்கும் அது கிடையாது. அவர்களுக்குக் கிடைப்பது வட்டிக் கடனும் நகை அடகும்தான்.

நம் மார்க்கம் இதை முன்னமே யோசித்திருக்கிறது. தலைக்கு ஒரு ஸாஉ, அரிசியென்றால் ஏறத்தாழ 2½ கிலோ, பெருநாள் தொழுகைக்கு முன்னமே ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு ஒருவரும் கையேந்தி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் ஃபித்ரா. ஆனால் அந்த 2½ கிலோ அரிசியை வைத்து நம் பிள்ளைகளின் பெருநாளை நாம் அளப்பதில்லை. உடுப்பை வைத்து அளக்கிறோம், உடுப்பைப் போட்டோ எடுத்து இதே முகநூலில் போடுகிறோம். தொழுதுவிட்டு வந்து நாம் முதலில் கேட்பதும் “எங்க எடுத்த? எவ்வளவு?” என்பதுதான்.

தவறு எங்களிடமும் இருந்தது. அந்தக் கட்டுரைத் தலைப்பை நாங்கள் மாற்றிவிட்டோம். இப்போது கேட்பது: ‘பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்’. புது உடுப்பு எடுக்காத வீட்டுக்கும் ஆட்கள் வருவார்கள்தானே. அன்று கொப்பியை மூடி வைத்த பிள்ளை அடுத்த வருடம் இந்தத் தலைப்புக்கு இரண்டு பக்கம் எழுதியது. மூத்தம்மா வந்தது, பக்கத்து வீட்டு சிங்கள அக்கா வட்டிலப்பம் கேட்டு வந்தது எல்லாம் அதில் இருந்தது.

வருகிற பெருநாளில் பிள்ளைகளிடம் உடுப்பைப் பற்றிக் கேட்காமல் இருப்போம். ஃபித்ராவைப் பிறை கண்ட இரவே கொண்டுபோய்க் கொடுப்போம். ஒரு வாப்பா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாலும் தலைகுனியாமல் படியேற வேண்டும்.