சொற்குருடு

1896-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. எழுதியவர், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சீஃபோர்ட் என்னும் ஊரின் வைத்தியர் பிரிங்கில் மார்கன். பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றியது அது. அறிவிலும் விளையாட்டிலும் அவன் எவர்க்கும் இளைத்தவன் அல்லன். கண்ணிலும் பழுதில்லை. ஏழு வயது முதல் பள்ளியிலும் தனியாசிரியரிடமும் பயின்றும் எளிய சொற்களையே படிக்கத் திணறினான். தன் பெயரையே எழுத்து மாற்றிப் ‘பிரெசி’ என எழுதினான். ஆயினும் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது, ஆறு இலக்க விடையை விரைந்து கண்டான்!

மூளையில் நோயோ அடியோ நேர்ந்து, படிக்கும் ஆற்றலை இழந்தோரை வைத்தியர்கள் முன்பே அறிவர். அதற்கு 1877-இல் குஸ்மால் என்னும் ஜெர்மானியர் சொற்குருடு எனப் பெயரிட்டார். 1887-இல் ஸ்டுட்கார்ட் நகரக் கண் வைத்தியர் பெர்லின், டிஸ்லெக்ஸியா என்றார். நோயின்றிப் பிறவியிலேயே அது அமையக்கூடும் என்பதே மார்கன் கண்ட புதுமை. கிளாஸ்கோ கண் வைத்தியர் ஹின்ஷெல்வுட் அதனை மேலும் ஆராய்ந்து 1917-இல் நூலாக்கினார். கோளாறு கண்ணில் இல்லை, ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் மூளையின் செயலில் இருக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அமெரிக்காவில் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் கில்லிங்ஹாம் என்னும் ஆசிரியையும், ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே எழுத்தை விரலால் வரையும் முறையை வகுத்தனர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதியதும் இவ்வாறே அன்றோ! காகிதச் சிக்கனம் என்று நாம் அதனைக் கைவிட்டோம்.

பெர்சிக்குக் கற்பித்த ஆசிரியர் வைத்தியரிடம் ஒன்று கூறியிருந்தார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடக்குமாயின், பள்ளியில் இவனை மிஞ்சுவார் இரார் என்பதே அது. அவர் பெயர் குறிப்பில் இல்லை.

1986-இல் என் வகுப்பிலும் ஒரு சிறுவன் இருந்தான். கொம்பும் காலும் அவனுக்கு இடம் மாறும். ஒரு சொல்லை நூறு முறை எழுதச் செய்தேன். நூறு வரியிலும் வெவ்வேறு பிழைகள். வேண்டுமென்றே செய்கிறான் எனக் கருதிப் பிரம்பை எடுத்தேன். அவன் தாய் ஒருநாள் வாயிலில் வந்து நின்று, “ஐயா, இவன் அக்காள் இரவில் வாசித்துக் காட்டினால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறான், ஒருமுறை வாயால் கேட்டுப் பாருங்கள்” என்றாள். 90 ஆண்டுகளுக்கு முன் அச்சேறிய சொல்லையே அவ்வம்மை கூறினாள். தாய்ப்பாசம் என்று எண்ணி அனுப்பிவிட்டேன்.

1990-களின் தொடக்கத்தில் சென்னையில் இக்குழந்தைகளுக்கென ஒரு சங்கம் எழுந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறையையும் தன் 21 வகைகளுள் ஏற்றது. அச்சிறுவனோ எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே, ‘படிப்பில் நாட்டமின்மை’ என்று காரணம் எழுதியிருப்பது என் கையெழுத்து.