அறிந்து பேசுவோம், நீதியுடன் பேசுவோம்: அல்பீரூனி கண்ட இந்தியா



மனித குலத்தை ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைத்து, பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்று அல்லாஹ் தன் திருமறையில் (49:13) அறிவிக்கின்றான். இறையச்சமே சிறப்பு என்னும் அவ்வசனத்தின் பிற்பகுதியை நாம் அடிக்கடி விளக்குகிறோம். 'அறிந்து கொள்ளுதல்' என்னும் அதன் முற்பகுதியைச் சிந்திப்போர் குறைவு. அந்நோக்கத்திற்காகத் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்ட ஓர் அறிஞரை இங்கு நினைவுகூர்வோம்.

கஸ்னாவுக்கு வந்த அறிஞர்

அபூ ரைஹான் முஹம்மத் பின் அஹ்மத் அல்பீரூனி ஹிஜ்ரி 362-ல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டில் பிறந்தார். வானியலிலும் கணிதத்திலும் பெரும் புலமை பெற்றார். கி.பி. 1017-ல் சுல்தான் மஹ்மூத் கஸ்னவீ குவாரிஸ்மைக் கைப்பற்றி, அங்கிருந்த அறிஞர்கள் பலரைக் கஸ்னாவுக்குக் கொண்டு சென்றார். அவர்களுள் அல்பீரூனியும் ஒருவர். அது அவர் விரும்பி மேற்கொண்ட பயணமன்று. ஆயினும் அச்சூழலையே இந்நாட்டை அறியும் வாய்ப்பாக அவர் ஆக்கிக் கொண்டார்.

நாற்பது வயதைக் கடந்த பின்னரும் சமஸ்கிருத நூல்களில் ஆழ்ந்தார். ஒரு பொருளுக்குப் பல பெயர்களும், ஒரு பெயருக்குப் பல பொருள்களும் உள்ள அம்மொழியின் கடினத்தை அவரே எழுதியுள்ளார். பண்டிதர்கள்முன் மாணவராக அமர்ந்தார். நூல்களைத் தேடித் தொகுப்பதில் பொருளையும் உழைப்பையும் பாராமல் செலவிட்டார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். கி.பி. 1030-ஐ ஒட்டி, 80 அத்தியாயங்கள் கொண்ட 'கிதாபுல் ஹிந்த்' என்னும் பெருநூலை எழுதி முடித்தார்.

நூல் பிறந்த காரணம்

இந்நூல் பிறந்த வரலாறே நமக்கு ஒரு பாடம். முஃதஸிலாக்களின் கொள்கையை ஒருவர் திரித்து எழுதியிருந்ததைக் குறித்து, அபூ ஸஹ்ல் என்னும் அறிஞருடன் அல்பீரூனி உரையாடிக் கொண்டிருந்தார். பிற கொள்கையினரைப் பற்றி எழுதப்படும் நூல்கள் பலவும் இத்தகையனவே என்று அவ்விருவரும் வருந்தினர். இந்தியரின் சமயம் பற்றி அன்றிருந்த நூல்கள் அதற்குச் சான்றாக நின்றன. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியவை, நேரில் ஆராயப்படாதவை. எனவே உள்ளதை உள்ளவாறு எழுதுமாறு அபூ ஸஹ்ல் வேண்டினார். அல்பீரூனியும், தம் நூல் வாதப் போருக்கானதன்று, அவர்கள் கூறுவதை அவ்வாறே எடுத்துரைப்பது என்று முன்னுரையில் அறிவித்தார். தமக்கே எதிராயினும் உண்மைக்குச் சாட்சி கூறுமாறு பணிக்கும் இறைவசனத்தையும் (4:135) அங்கே நினைவூட்டினார்.

நிலமும் மக்களும்

இந்நாட்டு மண்ணையும் அவர் கூர்ந்து நோக்கினார். மலையடிவாரத்தில் பெரிய உருண்டைக் கற்கள். மலையை விட்டு விலகி ஆறுகள் மெதுவாக ஓடுமிடத்தில் சிறிய கற்கள். கடலை நெருங்கும்போது வெறும் மணல். இதைக் கண்டு, வடஇந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாயிருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்ததாக இருக்கலாம் என்று கருதினார். தெற்கே இராமேசுவரமும் சேதுவும் கூட அவருடைய நூலில் இடம்பெற்றுள்ளன.

வருணப் பிரிவுகளை விவரிக்கும்போது, பண்டைய பாரசீகத்திலும் மக்கள் இவ்வாறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததை முதலில் சுட்டிக் காட்டுகின்றார். இறையச்சத்தைத் தவிர வேறெதிலும் மனிதரிடையே ஏற்றத்தாழ்வு இல்லை என்பதே நம் நிலை என்பதையும் தயங்காமல் உரைக்கின்றார்.

சிலை வணக்கம் பற்றிப் பேசுமிடத்தில், கற்றறிந்தோரின் இறைக்கொள்கையையும் பாமரரின் வழக்கத்தையும் பிரித்துக் காட்டுகின்றார். கல்லாத முஸ்லிம் ஒருவரிடம் கஅபாவின் படத்தைக் காட்டினால், அவர் அதை முத்தமிட்டுக் கன்னத்தில் ஒற்றிக் கொள்வாரன்றோ என்றும் கேட்கின்றார். தம் கொள்கையில் அவர் இம்மியும் தளரவில்லை. ஆயினும் பிறரை அளந்த அதே கோலால் தம்மவரையும் அளந்தார்.

சுல்தானின் அவையிலிருந்து

படையெடுப்புகளைப் பற்றி எழுதுகையில் சுல்தான் மஹ்மூதுக்கும் அவருடைய தந்தைக்கும் அல்லாஹ்வின் அருளை வேண்டுகின்றார். அடுத்து, மஹ்மூத் இந்நாட்டின் செழிப்பை அழித்தார் என்றும், மக்கள் தூசியெனச் சிதறினர் என்றும் எழுதுகின்றார். முஸ்லிம்கள் மீது அம்மக்களுக்கு ஏற்பட்ட வெறுப்புக்கும், அவர்களுடைய கல்விக் கலைகள் காஷ்மீர், காசி போன்ற தொலைவிடங்களுக்கு அகன்றதற்கும் இதுவே காரணம் என்கின்றார். தம் நாடே உயர்ந்தது, தம் கல்வியே கல்வி என்ற செருக்கு இந்நாட்டாரிடம் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அவர்களுடைய முன்னோர் அத்துணைக் குறுகிய மனத்தினர் அல்லர் என்பதையும் உடன் கூறுகின்றார்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதியினின்றும் உங்களைப் பிறழச் செய்துவிட வேண்டாம் என்ற இறைக்கட்டளையை (5:8) ஓர் ஆய்வாளர் எவ்வாறு பேணினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்குள்ள பாடம்

அன்பர்களே! மஹ்மூதின் பெயரைச் சொல்லி இன்றைய முஸ்லிம்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் உள்ளனர். அது அநீதி. அதற்கு மறுமொழியாக, நடந்தவை அனைத்தையும் நியாயப்படுத்த முற்படுவோர் நம்மிடையே உள்ளனர். அதுவும் நீதியன்று. ஒரு மன்னரின் செயலுக்கு மார்க்கம் பொறுப்பாகாது. மன்னர் முஸ்லிம் என்பதற்காக அவர் செயல் மார்க்கமும் ஆகாது.

ஜிஹாதைப் பற்றியும் தலாக்கைப் பற்றியும் அறியாமல் எழுதுகின்றனர் என்று நாம் வருந்துகிறோம். வருத்தம் நியாயமானதே. ஆனால் ஒரே தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழும் அண்டை வீட்டாரின் நம்பிக்கையை, அவர்கள் வாயால் கேட்டு அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்? நாம் எதிர்பார்க்கும் நேர்மையைப் பிறருக்கும் வழங்க வேண்டாமா? அறிதல் வேறு, ஏற்றல் வேறு என்பதை நம் பிள்ளைகளுக்கு இல்லத்திலேயே கற்றுக் கொடுப்போம்.

அல்பீரூனி மரணப் படுக்கையில் இருந்தபோது, தம்மைக் காண வந்த ஒரு ஃபகீஹிடம் வாரிசுரிமைச் சட்டத்தில் ஓர் ஐயத்தைக் கேட்டதாகக் கூறப்படுகிறது. "இந்நிலையிலா?" என்று அவர் இரங்க, அறியாமல் செல்வதினும் அறிந்து செல்வது மேலன்றோ என்றாராம். விடை கூறிவிட்டு வெளியே வந்த ஃபகீஹ், வழியிலேயே அவ்வீட்டின் அழுகுரலைக் கேட்டாராம்.

அறிந்து பேசும் நாவையும், அனைவரிடத்தும் நீதி செலுத்தும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்கி அருள்வானாக! ஆமீன்.