மாரிகாலத் திருமணமும் விருந்தினர் ஆடையும்
வாழைச்சேனைப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு சமூகவரலாற்று நோக்கு

1

திருமணத்துக்கு அழைக்கப்பட்டவர் எதனை உடுத்துச் செல்வது என்பது, மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு, ஆராய்ச்சிக்குரிய பொருளாகத் தோன்றாது. மணமக்களின் ஆடை குறித்துச் சடங்கு நூல்கள் பேசுகின்றன, நாட்டாரியலாளரும் எழுதியுள்ளனர். விருந்தினர் ஆடையோ அவரவர் விருப்பம் எனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டு விடுகின்றது. ஆயின் சிறிது நுணுகி நோக்குவோர்க்கு இதன் முக்கியத்துவம் புலப்படும். கூறையை அளிப்பவர் யார், பெறுபவர் யார் என்பதை மரபு முன்னரே தீர்மானித்து விடுகின்றது. விருந்தினரோ தம் ஆடையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியவர். ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வு மணமக்களின் கோலத்திலும் பார்க்க விருந்தினரின் கோலத்திலேயே தெளிவாகப் பதிவாகின்றது. "ஆள் பாதி ஆடை பாதி" என்னும் பழமொழி, அந்த மற்றைப் பாதி எங்கிருந்து வருகின்றது என்று கூறுவதில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்களம் மட்டக்களப்பு நகருக்கு வடக்கே அமைந்துள்ள வாழைச்சேனையும் அதனைச் சூழ்ந்த கோறளைப்பற்று ஊர்களுமாகும். மேலைநாட்டவர் கருதும் பனிக்காலம் இங்கு இல்லை. இங்குள்ளது மாரி. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியின் பிற்பகுதி முதல் தை வரையில் ஆண்டு மழையின் பெரும்பங்கினைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. குளிர் என்பது இப்பிரதேசத்தில் ஈரத்தின் மறுபெயர். கிரானுக்கு மேற்கேயுள்ள ஊர்களின் பாதைகள் வெள்ளத்தில் மூழ்குவதும், மக்கள் தோணியேறிக் கடப்பதும் அண்மைக்காலம் வரையிலும் ஆண்டுதோறும் நிகழ்வன. மாரியில் விருந்துக்குச் செல்பவர் நல்லுடையை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து, பழந்துணியுடன் நீரைக் கடந்து, அக்கரையில் உடை மாற்றுவார். இவ்வாறு செய்வதற்கு ஒருவரிடம் குறைந்தது இரண்டு உடைகளாவது இருத்தல் வேண்டும். ஓருடையே உடையவர் என் செய்வார்? "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்னும் அறிவுரை வெயில் எறிக்கும் காலத்துக்கே பொருந்தும். கசக்கியது உலராத கார்த்திகையில் அவ்வறிவுரையும் பயனற்றுப் போகின்றது.

இதனோடு வேளாண்மைக் கால அட்டவணையையும் இணைத்து நோக்க வேண்டும். மாரிமழையை நம்பி விதைக்கப்படும் நெல் தை, மாசியிலேயே வீடு வந்து சேரும். கார்த்திகை என்பது பழைய நெல் தீர்ந்து புதிய நெல் வராத காலம். கையிருப்புக் குறைந்து கடன் பெருகும் பருவம் அது. சைவர் மார்கழியில் மணம் செய்வதில்லை. தை பிறந்ததும் மணவினைகள் நெருங்கி வரும். அறுவடை முடிந்தவரின் வீட்டில் நடைபெறும் திருமணத்துக்கு அறுவடை முடியாதவரும் கடன் தீராதவரும் விருந்தினராகச் செல்கின்றனர். விருந்தினர் ஆடை என்னும் பிரச்சினையின் பொருளியல் வேர் இதுவாகும்.

2

பண்டைத் தமிழிலக்கியத்தில் இப்பிரச்சினை வேறொரு வடிவிற் காணப்படுகின்றது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் மணநிகழ்ச்சி விரிவாக வருணிக்கப்பட்டுள்ளது. அதிற் பேசப்படும் புத்தாடை மணமகளுடையதே. விருந்தினர் ஆடை பற்றிய செய்தியை ஆற்றுப்படை நூல்களிலேயே தேட வேண்டியுள்ளது. பொருநராற்றுப்படையில், கந்தலாடையுடன் வரும் கலைஞனுக்கு அதனைக் களைந்து நுண்ணிய புத்தாடையை உடுத்துபவன் புரவலனாகிய கரிகாலன். அங்கு விருந்தினனை உடுத்துவிப்பது விருந்தளிப்போன் கடமை. இதனை வள்ளன்மை என்று மட்டும் போற்றி அமைதல் வரலாற்று நோக்காகாது. உபரியைத் தன் கையிற் குவித்த தலைவன் அதிலொரு பகுதியைப் பகிர்வதன் மூலம் தன் தலைமையை நிலைநாட்டிக் கொள்கின்றான். பெற்றவன் புகழ் பாடிக் கடன் தீர்க்கின்றான். எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. கந்தையோடு வருதல் அவ்வுலகில் வாயிலில் நிறுத்தப்படுவதற்குரிய குற்றமாக இருக்கவில்லை.

நிலவுடைமை இறுகிய காலத்தில் இந்நிலை மாறியது. மட்டக்களப்பு வயல்நிலம் போடியாரின் ஆதிக்கத்தில் இருந்தது. முல்லைக்காரனும் வயற்காரரும் அவர் நிலத்தில் உழைத்தனர். தாய்வழிக் குடிமுறை இங்கு நிலவியமையால் திருமணம் பெண் வீட்டிலேயே நடைபெற்றது. வீடும் நிலமும் பெண் வழியே கைமாறின. தாய்வழியுரிமை நிலவியதனைக் கொண்டு இங்கு சமத்துவம் நிலவியது என்று முடிவு கட்டுதல் தவறாகும். கோயிலில் குடிமுறைப்படி வழங்கப்பட்ட 'வரிசை' போலவே மணப்பந்தரிலும் வரிசை இருந்தது. பந்தரின் மேலே வெள்ளை கட்டுவதும், நிலத்தில் பாவாடை விரிப்பதும் கட்டாடியாரின் கடமைகள். யார் வீட்டில் வெள்ளை கட்டலாம், யாருக்கு விரிக்கலாம் என்பன சாதிப்படி வகுக்கப்பட்டவை. மணவீட்டின் துணிக்கே இத்தகைய கட்டுப்பாடு இருந்த சமூகத்தில் விருந்தினர் உடுக்கும் துணி கட்டுப்பாடின்றி இருந்திருக்க முடியாது.

இவ்விடத்தில் றொபேட் நொக்ஸ் தரும் சான்று பெருமதிப்புடையது. 1660இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிய அவர், 1681இல் வெளியிட்ட நூலில் ஆடை பற்றிய சாதிக் கட்டுப்பாடுகளைக் குறித்துள்ளார். தாழ்ந்தோராகக் கருதப்பட்டவர் முழங்காலுக்குக் கீழே ஆடையைத் தொங்கவிடலாகாது. அவர்தம் பெண்கள் இடைக்கு மேலே போர்த்தலாகாது. குளிர்காலத்தில் மட்டும் முதுகிலே துணி போர்த்திக்கொள்ள விலக்களிக்கப்பட்டது. ஆனால் அவ்வாறு போர்த்துச் செல்பவர் வழியில் உயர்குலத்தாரைக் கண்டால், குளிருக்காகவே இதனை அணிந்தேன், பொறுத்தருள்க என வேண்ட வேண்டியிருந்தது. குளிருக்கு ஒரு துணி போர்த்துவதற்கும் மன்னிப்புக் கோரிய மக்கள் இந்நாட்டில் வாழ்ந்தனர். மட்டக்களப்பும் அக்காலத்திற் கண்டியரசின் மேலாதிக்கத்தை அறிந்திருந்த பிரதேசமாகும். கடலுக்கு அப்பால் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி 1859இல் அரச பிரகடனத்தைப் பெற்றமையும் இதே வரலாற்றின் மற்றொரு பக்கமாகும். நிலவுடைமைச் சமூகத்தில் "எதனை உடுப்பது" என்னும் வினாவுக்கு இடமிருக்கவில்லை. "எதனை உடுக்க விடுவார்கள்" என்பதே அங்கு வினா.

3

சாதியாணை தளர்ந்த பின்னர் பணத்தின் ஆணை அதன் இடத்தைப் பிடித்தது. தடை நீங்கியவரிடம் வாங்குவதற்குப் பணம் இருக்கவில்லை. இக்கட்டத்திலே தோன்றுவது இரவலாடை. சலவைக்கு வந்த செல்வரின் துணி, அது திரும்பிச் செல்வதற்கு முன்னர், ஓரிரவு வேறொருவர் உடலில் விருந்துக்குப் போய்வருதல் தெற்காசியாவெங்கும் அறியப்பட்ட வழக்கமாகும். "இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என எள்ளும் பழமொழி, இரவல் எத்துணைப் பரவலாக இருந்தது என்பதற்கே சான்றாகின்றது.

ஆடை உடுப்பதற்கு மட்டும் உரியதன்று. அடகு வைப்பதற்கும் உரியது. இவ்வுண்மையைத் தம் வாழ்வில் அனுபவித்தறிந்தவர் கார்ல் மார்க்ஸ். 1852 பெப்ரவரி 27இல் எங்கல்சுக்கு எழுதிய கடிதத்தில், தமது கோட்டுகள் அடகில் இருப்பதால் வீட்டை விட்டு வெளியேற இயலவில்லை என அவர் குறிப்பிடுகின்றார். இலண்டன் மாநகரின் பனிக்காலத்தில் கோட்டில்லாதவன் குளிரால் மட்டும் தடுக்கப்படுவதில்லை. மதிப்புக்குரிய இடங்களின் வாயில்களும் அவனுக்கு அடைபடுகின்றன. 1867இல் வெளியான 'மூலதனம்' முதற்பாகத்தில் பண்டத்தின் பெறுமதியை விளக்க வந்தவர் இருபது கெஜ லினன் துணியையும் ஒரு கோட்டையும் எடுத்துக்காட்டியதில் இவ்வனுபவத்தின் சாயல் இருத்தல் கூடும். முதலாளித்துவப் பொருளியலின் மூலவரான அடம் சிமித்தும் 1776இல் இதற்கு அண்மையான கருத்தொன்றைக் கூறியுள்ளார். உயிர்வாழ்வதற்கு லினன் சட்டை தேவையில்லை எனினும், அக்கால ஐரோப்பாவில் அது இன்றி வெளியில் வரக் கூலித்தொழிலாளியும் வெட்கப்படுவான். ஆதலின் அது அத்தியாவசியப் பொருளே என்பது அவர் வாதம். வெட்கம் தனிமனித மனத்தில் தோன்றுவது போலக் காணப்பட்டாலும், அதன் அளவுகோலைச் சமூகமே வகுக்கின்றது என்பது இவ்விருவர் கூற்றாலும் பெறப்படும்.

4

வாழைச்சேனையின் வரலாற்றில் 1956 ஒரு திருப்புமுனை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்ட அரச கடதாசி ஆலை அவ்வாண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் மூலப்பொருள் வைக்கோல். அறுவடைக்குப் பின் களத்தில் எஞ்சிக் கிடந்த பொருள் பண்டமாயிற்று. போடியாரின் வயலையன்றி வேறு வாழ்வறியாத குடும்பங்களின் பிள்ளைகள் கூலித்தொழிலாளராயினர்.

இம்மாற்றம் ஆடை வரலாற்றிலும் முக்கியமானது. வயற்கூலி பருவத்தோடு பிணைந்தது, நெல்லாக அளக்கப்படுவது, கார்த்திகையில் வற்றுவது. ஆலைச் சம்பளம் மாதந்தோறும் பணமாக வருவது. மழையை அது கருதுவதில்லை. மாரியின் நடுவிலும் ஒரு தொழிலாளி புடைவைக் கடைக்குச் சென்று தன் பணத்தில் ஒரு வேட்டியோ சேட்டோ வாங்கக்கூடிய நிலை இவ்வாறு உருவாயிற்று. மேலும், பல சாதியினரும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவினத்தவரும் ஒரே இயந்திரத்தின் முன் நின்றனர். உடன் வேலை செய்பவர் வீட்டுத் திருமணத்துக்கு உடன் வேலை செய்பவராகவே சென்ற விருந்தினர் குடிவழி அழைப்புக்குப் புறம்பான புதியதொரு வகையினராவர். வேட்டியும் சாரமும் களிசானும் ஒரே பந்தியில் அமர்ந்தன. சாதி அதனால் அழிந்துவிடவில்லை. ஆயின் சட்டையைப் பார்த்துச் சாதியைக் கூறும் வசதி குறைந்தது. "எதனை உடுப்பது" என்னும் வினாவை உழைக்கும் மக்கள் தமக்குத் தாமே கேட்கத் தொடங்கிய காலம் இதுவே எனலாம்.

1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் புடைவை இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. சலுசலாவிலும் கூட்டுறவுக் கடையிலும் கிடைத்ததே துணி என்னும் நிலை மக்களை வருத்தியது உண்மை. அதேவேளையில் மருதமுனை முதலிய கீழ்மாகாண ஊர்களின் கைத்தறி செழித்தமையும், பலரும் ஏறத்தாழ ஒரே வகைத் துணியை உடுத்தமையும் உண்மை. பற்றாக்குறை தந்த சமத்துவத்தை இலட்சியமாகக் கொள்ள முடியாது; எனினும் அக்காலத்து விருந்தினர்க்கு ஆடைப்போட்டி என்னும் சுமை ஒப்பளவிற் குறைவாக இருந்தமையை மறுத்தலும் இயலாது.

5

1977இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதித் துணியை ஊர்தோறும் கொண்டுவந்து குவித்தது, கைத்தறி நலிந்தது. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தையே சாய்த்தது. உடுத்த துணியன்றி வேறொன்றும் எஞ்சாத குடும்பங்கள் பல. அதற்கடுத்த ஆண்டுகளில் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றோர் தொகை பெருகியது. அவர்கள் அனுப்பிய பணமும் கொணர்ந்த சேலைகளும் ஊரின் ஆடை அளவுகோலை உயர்த்தின. தாய் அந்நிய வீட்டில் ஊழியம் செய்ய, மகள் அத்தாய் அனுப்பிய சேலையில் விருந்துக்குச் செல்லும் முரண்நிலை தோன்றியது.

போர்க்காலம் ஆடைக்கு இன்னுமொரு சுமையை ஏற்றியது. ஆலை நலிந்து பழைய நிலையை இழந்தது. தொழிலாளரை ஒன்றாக நிறுத்திய களமும் சுருங்கியது. வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் அயலவராக வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் மோதல்களால் பிளவுண்டனர். 2002 ஜூன் வன்செயல் இதற்கோர் எடுத்துக்காட்டு. ஒருகாலத்தில் வர்க்கத்தையும் சாதியையும் காட்டிய ஆடை இப்போது இனத்தையும் முதன்மையாகக் காட்டத் தொடங்கியது. அயல்வீட்டுத் திருமணத்துக்கு எதனை அணிந்து செல்வது என்பது பாதுகாப்புப் பற்றிய வினாவாகவும் மாறியது.

2009இல் போர் முடிவுற்ற பின்னர் ஆடைத் தொழிற்சாலைகள் கிழக்கிலும் பரவின. அங்கு நம் பெண்கள் அந்நிய நாட்டுச் சந்தைக்கான உடுப்புகளைத் தைக்கின்றனர். தைத்த கைக்கு அவ்வாடை உரியதன்று. தம் ஊர்த் திருமணத்துக்கு வேண்டிய சேலையை அவர்கள் தவணைப் பணத்திலோ நுண்கடனிலோ வாங்குகின்றனர். உழைப்பவரிடமிருந்து உழைப்பின் பயன் அந்நியமாதல் என மார்க்ஸ் கூறியதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடி இச்சுமையைப் பன்மடங்காக்கியது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கட்டங்கள் புலனாகின்றன. நிலவுடைமைக் காலத்தில் ஆடை ஆணையாக இருந்தது. கூலியுழைப்பின் தொடக்ககாலத்தில் அது ஓரளவு தெரிவாயிற்று. சந்தை முழுமையாக ஆட்சி செலுத்தும் இக்காலத்தில் தெரிவு என்னும் பெயரிலேயே அது மீண்டும் ஆணையாகியுள்ளது. முன்னையது போடியாரின் ஆணை. பின்னையது கடன்காரரின் ஆணை.

இன்று பெண்களின் ஆடம்பர மோகமே கடனுக்குக் காரணம் என உபதேசிப்போர் பலர். எளிமையாக உடுத்துச் செல்லுங்கள் என்பது அவர்தம் அறிவுரை. எளிமை பாராட்டப்படுவது வசதியுள்ளவர் அதனை மேற்கொள்ளும்போதே. பருத்திச் சேலை உடுத்த அதிகாரியின் மனைவி பண்புடையவளாகக் கொள்ளப்படுகின்றாள். அதே சேலையில் வரும் கூலிப்பெண் கடைசிப் பந்திக்கு அனுப்பப்படுகின்றாள். உடுத்த ஒன்றுமில்லை என்று கூறிச் சொந்தத் தமக்கை மகளின் திருமணத்துக்கும் செல்லாது, அன்பளிப்பைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் பெண்ணிடம் மோகத்தைக் காண்பவர் சமூகத்தைக் காணாதவராவர். அவள் அஞ்சுவது நொக்ஸ் கண்ட அதே பார்வைக்கே. அன்று போர்த்தியமைக்கு மன்னிப்புக் கோரினர். இன்று போர்த்துவதற்கு நல்லதொன்று இல்லாமைக்கு மன்னிப்புக் கோருகின்றனர்.

ஆதலின் மாற்றம் விருந்தினரிடமிருந்து தொடங்க வேண்டுமென எதிர்பார்த்தல் பொருந்தாது. அழைப்பவர்க்கும் பந்தி வகுப்பவர்க்கும் இதிற் பொறுப்புண்டு. அதனிலும் அடிப்படையாக, பருவம் பார்த்து வற்றாத கூலியும், கடனுக்கு அடிமையாகாத வாழ்வும் உழைப்பவர்க்கு உறுதிப்படுத்தப்பட வேண்டும். வைக்கோலிலிருந்து கடதாசி செய்த ஆலை ஒருகாலத்தில் அதற்கான வாய்ப்பினைச் சிறிதளவேனும் காட்டிற்று. மாரியில் நனைந்து வருபவர் எவராயினும் தலைதுவட்டிக்கொண்டு முதற்பந்தியில் அமரக்கூடிய சமூகத்திலேயே ஆடை உண்மையான தெரிவாகும்.