இரைப்பைத் தளர்ச்சி: ஒரு நோய் பெயர் பெற்ற வரலாறு



1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றியபொழுது, அப்படையைத் தொடர்ந்து தமிழ் மக்களும் பெருந்தொகையாக வந்து குடியேறினர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். நகரில் 1868-இல் பௌரிங் மருத்துவமனையும், 1900-இல் விக்டோரியா மருத்துவமனையும் ஏற்பட்டன. ஆயினும், அந்நாளில் ஒருவர் மருத்துவரை அணுகி, "நாலு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது; நேற்றுண்ட சோறு இன்று செரியாமலே வாந்தியாகிறது" என்று முறையிட்டிருப்பாராயின், என்ன நேர்ந்திருக்கும்? குடலில் அடைப்பு ஏதும் இல்லையெனின், அந்நோய்க்கு இன்று வழங்கும் பெயர் மருத்துவ நூல்களில் அன்று இல்லை. வீட்டிலோ, நாம் அதனை 'மந்தம்' என்று கூறிச் சுக்குக் கஷாயம் வைத்தோம்.

முன்னுண்டது அற்றதை அறிந்து உண்ணவேண்டும் என்பதைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வற்புறுத்துகிறது. அற்றதா இல்லையா என்பதைக் கண்ணால் காணும் வழியோ வெகுகாலம் கிட்டவில்லை. 1822-இல் வட அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவில்லை. அத்துளை வழியே வில்லியம் போமாண்ட் என்னும் மருத்துவர் உணவைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டு, செரிமானத்தை ஆராய்ந்து 1833-இல் நூல் வெளியிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் வால்ட்டர் கேனன், பூனைகளின் இரைப்பை அசைவதை எக்ஸ்-கதிரால் கண்டார். பூனை கலக்கமுற்றபொழுது அவ்வசைவு நின்றுபோனதையும் குறித்தார்.

இரைப்பை வெறும் பையன்று. உணவை அரைத்துச் சிறுகுடலுக்குத் தள்ளும் தசை. அதனை இயக்குவதில் வேகஸ் நரம்புக்குப் பெரும் பங்குண்டு. நீரிழிவினாலோ, அறுவைச் சிகிச்சையினாலோ அந்நரம்பு கெடுமாயின், தள்ளும் வேலை தளர்கிறது. பலருக்குக் காரணம் புலப்படுவதேயில்லை. நீரிழிவுடையோரிடம் காணும் இந்நிலைக்கு 1958-இல் கசாண்டர் என்னும் மருத்துவர் 'காஸ்ட்ரோபரேசிஸ்' என்ற பெயரை வழங்கினார். 1966-இல், கதிரியக்கப் பொருள் சிறிதளவு கலந்த உணவை அளித்து, இரைப்பை காலியாகும் வேகத்தை அளக்கும் முறை வெளியாயிற்று. அம்முறையின் வழிவந்த சோதனையில், 4 மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உணவு தங்கியிருப்பின், இரைப்பை தாமதிக்கிறது என இன்று கொள்கின்றனர்.

இவ்வரலாற்றை நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையில் புண்ணும் அடைப்பும் காணாதபொழுது, "ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று இந்நோயாளிகளைச் சுற்றத்தாரே ஒதுக்குவதுண்டு. இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்கோ ஆபத்தும் உண்டு: மருந்து வேலை செய்யும் வேளையில் உணவு இரைப்பையிலேயே கிடந்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்கள் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை; வருபவர் அறியாதிருத்தல் தீது.

முழுதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லையெனினும், துன்பத்தைக் குறைக்க வழிகள் உள. சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும், எண்ணெயையும் நாரையும் குறைப்பதும், குழைந்த உணவைக் கொள்வதும் பயன் தரும். நீரிழிவுக்கு நல்லதென்று நாம் வற்புறுத்தும் நார்மிகு கீரையும் முழுப்பயறும் இவர்களுக்குத் தொல்லையாகலாம். ஆதலின் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றுதல் வேண்டும்.

பிற மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், மருத்துவரிடம் 'மந்தம்', 'காஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எத்தனை கவளத்தில் வயிறு நிறைகிறது, உண்டு எத்தனை மணி கழித்து வாந்தி வருகிறது, எடை எவ்வளவு குறைந்தது என்பவற்றைக் குறித்துக் கொண்டு செல்வோமாக. பெயர் பெற நெடுங்காலம் காத்திருந்த நோய் இது. நம் வீட்டிலும் அது பெயரின்றிக் கிடக்க வேண்டுவதில்லை.