இரவல் இறக்கை

ஈர மேஜையில் டம்ளர் ஒட்டிக்கொள்வதை வகுப்பில் காட்டுவேனே! பறக்கும் படகையும் தண்ணீர் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். அடிப்பாகத்தில் படி போல ஒரு வெட்டு வைத்தால் காற்று புகுந்து பிடி விடும். 1912இல் கர்டிஸ் கண்ட வழி இது.

கலிஃபோர்னியாவின் வோல்மர் ஜென்சன் அடிப்படையில் கிளைடர்காரர். வீட்டிலேயே கட்டக்கூடிய விஜே-22ஐ அவர் வடிவமைத்தார். 1958 டிசம்பரில் பறந்தது. ஒட்டுப்பலகை உடல், அதன்மேல் ஃபைபர்கிளாஸ். 85 குதிரைத்திறன் எஞ்சின், நீர் தெறிக்காமல் இறக்கைக்கு மேலே. இறக்கையை மட்டும் அவர் செய்யவேயில்லை. ஏரோன்கா விமானத்தின் இறக்கைகளை எடுத்துப் பொருத்திவிட்டார்!

அறிவியல் கண்காட்சிக்குப் பழைய சைக்கிள் டைனமோவை மாட்டிக் காற்றாலை செய்துவந்த பையனை, "இது நீ செய்ததில்லை" என்று திருப்பி அனுப்பியவன் நான். தம்பி, இதைப் படிக்கிறாயா? அன்று தப்பு என்னுடையது.