சட்டசபைச் சுவரும் தலைவர் படங்களும்

கஹவத்தைத் தோட்ட லயமொன்றில் வாழும் குடும்பம் தன் வீட்டுச் சுவரில் எவரது படத்தை மாட்டுவது என்பது அக்குடும்பத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாகும். அரசாங்கக் கட்டடத்தின் சுவரோ அத்தகையதன்று. அங்கு இடம்பெறும் ஓவியம் மக்கள் அனைவரது பெயராலும் செய்யப்படும் மரியாதையாகிறது. அம்மரியாதையைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குண்டு என்னும் வினா 2018இல் தமிழ்நாட்டிற் கூர்மையாக எழுந்தது.

சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையிலுள்ள சட்டசபை மண்டபத்தில் அதுவரை 10 படங்கள் இருந்தன. திருவள்ளுவர், காந்தி, அம்பேத்கர், பெரியார், அண்ணா முதலியோருடன், கண்டியிற் பிறந்த எம்.ஜி.ஆரும் அவ்வரிசையில் இடம்பெற்றிருந்தார். 2018 பெப்ரவரி 12இல் சபாநாயகர் ப. தனபால் ஜெயலலிதாவின் படத்தைத் திறந்துவைத்தார். தி.மு.க.வும் காங்கிரஸும் அவ்விழாவைப் புறக்கணித்தன.

இம்முரண்பாட்டின் வேர் சொத்துக்குவிப்பு வழக்கில் இருந்தது. 2014இல் தனி நீதிமன்றம் ஜெயலலிதாவைத் தண்டித்தது; 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2016 டிசம்பர் 5இல் அவர் மறைந்தார். 2017 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏனைய மூவரின் தண்டனையை உறுதிசெய்தபோது, இறப்பின் காரணமாக அவர்மீதான மேன்முறையீடு அற்றுப்போயிற்று. ஆகவே அவர் குற்றவாளியல்லர் என்றனர் ஆளுந்தரப்பினர். தீர்ப்பின் உள்ளடக்கம் அவருக்கு எதிரானதே என்றனர் எதிர்த்தரப்பினர். படத்தை அகற்றக் கோரிய தி.மு.க.வின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது.

இத்தகைய பிணக்குக்கு முன்னுதாரணமும் உண்டு. 2003 பெப்ரவரி 26இல் இந்தியப் பாராளுமன்ற மைய மண்டபத்தில் ஜனாதிபதி அப்துல் கலாம் சாவர்க்கரின் படத்தைத் திறந்துவைத்தபோது எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. காந்தி கொலைவழக்கில் சாவர்க்கர் குற்றஞ்சாட்டப்பட்டு விடுதலையானவர். இரு நிகழ்விலும் நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் பொதுமதிப்பை நிலைநாட்டப் போதுமானதாக இருக்கவில்லை என்பது நோக்கற்பாலது.

2021இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2இல் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் அதே மண்டபத்தில் கருணாநிதியின் படத்தைத் திறந்துவைத்தார். இம்முறை புறக்கணித்தது அ.தி.மு.க.

பெரும்பான்மை என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறுவது. சுவரில் ஏறிய படமோ ஆட்சிகளைக் கடந்து நிலைப்பது. எனவே, நிலைப்பதொன்றை மாறுவதொன்றின் வலிமையால் மட்டும் நிறுவுதல் ஏற்புடையதாகாது. எதிர்த்தரப்பின் இசைவையும் பெற்று இடம்பெறும் படமே சபை முழுவதினதும் மரியாதை எனத்தகும். ஏனையவை கட்சியின் மரியாதையாகவே நின்றுவிடும்.